புதிய கலெக்‌ஷனின் படங்களை எப்போது வெளியிடலாம்?

கேள்வி: வணக்கம். சொந்தமாக ஒரு சிறிய லேபிள் நடத்தும் ஆடை வடிவமைப்பாளர் நான். இது என் மூன்றாவது கலெக்‌ஷன். அடுத்த மாதம், அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஒரு ஷோ வைக்கிறேன். கடைகளுக்காக உடை தேர்ந்தெடுத்து வாங்கும் பையர்களிடம் ஆர்டர் வாங்கி, துணி எடுத்து, தைத்து, கடைகளுக்கு அனுப்ப ஐந்து மாதமாவது ஆகிவிடும். போன முறை ஷோ முடிந்த இரவே எல்லாப் படங்களையும் இன்ஸ்டாகிராமில் போட்டேன். பாராட்டு குவிந்தது. ஆனால் என் உடை கடைக்கு வருவதற்கு முன்பே என் பிரிண்ட்டும் கழுத்து வெட்டும் வேறொருவர் பெயரில் பாதி விலைக்கு விற்றன. என் உடை வந்தபோது, “இதை ஏற்கெனவே பார்த்தாச்சே” என்றார்கள். பெரிய டிசைனர்கள் சிலர் புதிய கலெக்‌ஷனின் படங்களை மாதக்கணக்கில் வெளியிடாமல் வைத்திருப்பதாகப் படித்தேன். நானும் அப்படிச் செய்யலாமா? “படம் போடாவிட்டால் நம்மை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?” என்கிறார் என் பார்ட்னர். பத்திரிகையாளர், பையர், மாடல் என்று எல்லாரிடமும் இதை எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

செய்யலாம். செய்யுங்கள் என்றே சொல்வேன். காப்பியடித்தவர்கள் மீதான கோபத்தில் இந்த முடிவை எடுக்க நினைக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. அந்த வலி நியாயமானது. மாதக்கணக்கில் வரைந்து, அழித்து, திரும்ப வரைந்த ஒரு பிரிண்ட்டை இன்னொருவர் பெயரில் பார்ப்பது தாங்கக்கூடியதல்ல. ஆனாலும் என் யோசனைக்கு அடிப்படை உங்கள் கடிதத்தில் இருக்கும் இன்னொரு வரிதான்: “இதை ஏற்கெனவே பார்த்தாச்சே.” உங்கள் வியாபாரத்துக்குப் பெரிய அடி அங்கேதான் விழுந்திருக்கிறது. ஆசை உச்சத்தில் இருந்த இரவில் வாங்குவதற்கு உடை இல்லை. உடை வந்தபோது ஆசை தீர்ந்துவிட்டது. படங்களைத் தாமதப்படுத்துவதால் இந்த இரண்டையும் ஒரே வாரத்துக்குக் கொண்டுவர முடியும். திருட்டைத் தடுப்பதில் அதற்கு ஓரளவு பங்குதான் உண்டு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகளெல்லாம் எளிதாகும்.

இந்த ஐந்து மாத இடைவெளி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். ஃபேஷன் ஷோ என்பது பொதுமக்களுக்கான நிகழ்ச்சியாகத் தொடங்கவில்லை. பையர் வந்து பார்ப்பார், ஆர்டர் கொடுப்பார், அதற்கேற்பத் துணி வாங்கித் தைத்து அனுப்புவார்கள். அதனால்தான் குளிர்கால உடைகளை பிப்ரவரி, மார்ச்சிலும் கோடைக்கால உடைகளைச் செப்டம்பர், அக்டோபரிலும் காட்டும் வழக்கம். அந்த நாட்களில் உள்ளே என்ன காட்டினார்கள் என்பது வெளியே தெரியாமல் இருப்பது தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1950களின் பிற்பகுதியில் பாரிஸின் பெரிய டிசைனர்களான கிறிஸ்டோபால் பலென்சியாகாவும் உபேர் த ஜிவான்ஷியும் ஒரு படி மேலே போனார்கள். பையர்களுக்கு முதலில் காட்டிவிட்டு, பத்திரிகையாளர்களைப் பல வாரங்கள் காக்க வைத்தார்கள். பத்திரிகைகளுக்குக் கோபம்தான். ஆனாலும் அவர்கள் இருவரும் பல ஆண்டுகள் அந்த முறையிலிருந்து மாறவில்லை. ஆக, நீங்கள் கேட்பது புதிய தந்திரம் ஒன்றுமில்லை. தொழிலின் பழைய பழக்கம்.

அதை மாற்றியது இணையம். 2000-ல் ஸ்டைல்.காம் என்ற ஃபேஷன் தளம் வந்த பிறகு, ஷோவில் நடந்த ஒவ்வொரு உடையையும் எவரும் வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. 2009 அக்டோபரில் பிரிட்டிஷ் டிசைனர் அலெக்சாண்டர் மக்வீன் தன் பாரிஸ் ஷோவை இணையத்தில் நேரலையாகக் காட்டியபோது, கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே முடங்கியது. வியாபாரிகளுக்கான கூட்டம் உலகத்துக்கான கூட்டமாகிவிட்டது. தையல் கூடத்தின் காலண்டர் மட்டும் அதே இடத்தில் நின்றது. துணி நெய்ய, சாயமேற்ற, வெட்ட, தைக்க, அனுப்ப வேண்டிய மாதங்கள் குறையவில்லை. அதாவது நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். படம் ஒரு நொடியில் போகிறது, உடை ஐந்து மாதத்தில் போகிறது. நடுவில் விழுந்த பள்ளத்தில் உங்களைப் போல ஏராளமானவர்கள் விழுந்திருக்கிறார்கள்.

அந்தப் பள்ளத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க டிசைனர் டாம் ஃபோர்ட். 2010 செப்டம்பரில் நியூயார்க்கில் தன் மேடிசன் அவென்யூ கடையிலேயே பெண்களுக்கான கலெக்‌ஷனைக் காட்டினார். பார்வையாளர்கள் ஏறக்குறைய நூறு பேர். பியான்சே, ஜூலியான் மோர், லாரன் ஹட்டன் போன்றவர்கள் அந்த உடைகளை அணிந்து நடந்தார்கள். அவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் இருந்தும், அவர் ஏற்பாடு செய்த ஒரே புகைப்படக்காரரைத் தவிர வேறு எவரும் படம் எடுக்கக்கூடாது. உடைகள் கடைக்கு வரும் காலம் நெருங்கும்வரை படங்கள் வெளியே வரவில்லை. மாதக்கணக்கில் பார்த்துச் சலித்த உடையை எந்த வாடிக்கையாளரும் ஆசையோடு வாங்க மாட்டார் என்பதே அவர் வாதம்.

பிறகும் சிலர் இதைச் செய்தார்கள். புரோன்சா ஷூலர் என்ற நியூயார்க் லேபிளின் இரு டிசைனர்கள், 2016-ம் ஆண்டுக்கான முன்-இலையுதிர்காலக் கலெக்‌ஷனைப் பத்திரிகையாளர்களுக்கும் பையர்களுக்கும் காட்டிவிட்டு, ஏப்ரலில் கடைக்கு வரும்வரை படங்களை நிறுத்திவைத்தார்கள். இத்தாலிய லேபிளான போட்டேகா வெனெட்டா 2020 அக்டோபரில் லண்டனில் ஒரு சிறிய ஷோ நடத்தியது. உலகம் அதைப் பார்த்தது டிசம்பரில். 2024 பிப்ரவரியில் பாரிஸில் தி ரோ என்ற லேபிள் தன் ஷோவுக்கு வந்தவர்களைப் படமெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, ஆளுக்கொரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் கொடுத்தது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு: ஷோ நடந்த அன்றே உடையை விற்பது. பிரிட்டிஷ் நிறுவனமான பர்பெரி 2016 பிப்ரவரியில் அதை அறிவித்து, செப்டம்பரில் செய்துகாட்டியது. டாம் ஃபோர்டும் அதே செப்டம்பரில் அப்படி ஒரு ஷோ நடத்தினார். மறு ஆண்டே விட்டுவிட்டார். இலையுதிர்கால உடைகளைக் கடைகள் எப்போதும் விற்கத் தொடங்குவது கோடை முடியும் முன்பே. ஷோவோ செப்டம்பரில். ஷோவுக்காக உடைகளைப் பூட்டி வைத்ததில் விற்க வேண்டிய வாரங்கள் வீணாகப் போயின. இது உங்களுக்கும் பாடம். தாமதத்தின் பெயரில் விற்பனை நாட்களைத் தின்றுவிடக்கூடாது. இந்த வழியில் இன்னொரு சிக்கல் பணம். எந்த உடை போகும் என்று தெரியும் முன்பே எல்லாவற்றையும் தைத்து அடுக்க வேண்டும். ஆர்டரை வைத்துத் துணி வாங்கும் உங்களால் அது முடியாது, முயலவும் வேண்டாம். படத்தைத் தள்ளிப்போடுவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கட்டுப்பாடு மட்டும் போதும்.

இனி காப்பி விஷயம். வேகமாகத் தைத்து விற்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு வடிவம் கடைக்கு வரச் சில வாரங்கள் போதும். உங்கள் ஐந்து மாத இடைவெளி அவர்களுக்குத் தாராளம். படம் வெளியே இல்லாவிட்டால் உங்களை முந்திக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்காது. ஆனால் உங்கள் உடை கடைக்கு வந்த மறுநாள் எவர் வேண்டுமானாலும் ஒன்றை வாங்கி, தையலைப் பிரித்து, துணி வெட்டும் வரைபடமான பேட்டர்னை எடுக்கலாம். ஆகவே தாமதம் உங்களுக்கு வாங்கித்தருவது முதல் சில வாரங்களை மட்டுமே. அந்த வாரங்களில் முழு விலைக்கு விற்பவர் நீங்கள் ஒருவர்தான். சிறிய லேபிளுக்கு அது கொஞ்சநஞ்சம் அல்ல. அந்த வாரங்களின் வசூலில்தான் அடுத்த கலெக்‌ஷனின் துணி வாங்குகிறீர்கள்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் நேராகப் பாருங்கள். ஷோவுக்கு வந்த விருந்தினரின் போனை மட்டும் நினைத்துக் கவலைப்படுகிறோம். உண்மையில் பிரிண்ட் போடும் கூடத்தின் மேஜை, எம்பிராய்டரிக்குக் கொடுத்த சாம்பிள், பையரின் ஷோரூமில் எடுத்த படம், ஆர்டருக்காக அனுப்பிய லுக்புக் (எல்லா உடைகளின் படத் தொகுப்பு), கடை தன் தளத்தில் முன்கூட்டியே ஏற்றிவிட்ட விற்பனைப் பக்கம் என்று வழிகள் பல. ஷோவில் போன்களை வாங்கி வைத்துவிட்டு, பூட்டுப்போடாத ஒரு கோப்பில் எல்லா லுக்கையும் நாற்பது பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் பயன் என்ன? லுக்புக்கைப் பெறுபவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கடையின் பெயர் வாட்டர்மார்க்காக இருக்கட்டும். அச்சுக்குப் போகும் அளவிலான படங்களைப் பையர்களுக்கு அனுப்பத் தேவையே இல்லை. திரையில் பார்த்து முடிவெடுக்கப் போதுமான சிறிய அளவு போதும். பிரிண்ட்டின் நெருக்கக் காட்சியை அனுப்பாதீர்கள். துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டியவர் நேரில் வந்து பார்க்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போது சட்டத்தையும் மறக்கக்கூடாது. படத்தை மறைத்து வைத்தால் உரிமை வந்துவிடாது. வடிவத்தைப் பதிவு செய்வது தனி வேலை. அதற்கும் நாள் கணக்கு உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், வடிவத்தை நீங்களே முதலில் வெளியிட்ட நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவே செய்யாத வடிவத்துக்கும் 3 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. அந்த 3 ஆண்டு அது அங்கே பொதுவில் தெரியவந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். பதிவு செய்தால் 25 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். இந்தியாவிலோ பொதுவாக வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு 5 ஆண்டு நீட்டிப்பு. அமெரிக்காவில் பிரிண்ட்டுக்குப் பதிப்புரிமை கிடைக்கும்; உடையின் வெட்டுக்கு அந்த உரிமை கிடைக்காது. உங்களிடமிருந்து திருடப்பட்ட இரண்டில் ஒன்றுக்கு ஒரு சட்டம், மற்றதற்கு வேறொரு சட்டம் என்று இதிலிருந்தே தெரியும். எந்த நாட்டில் விற்கிறீர்களோ அந்த நாட்டின் வடிவுரிமை வழக்கறிஞரிடம் ஷோவுக்கு முன்னால் பேசுங்கள். முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: படமே எடுக்காத ஒரு ஷோவில் நூறு பேருக்குக் காட்டுவது சட்டத்தின் பார்வையில் வெளியீடா? பல இடங்களில் ஆம் என்ற பதில் வரலாம். படம் வெளிவரவில்லை என்பதால் நாள் கணக்கு ஓடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் பிரெஞ்சு டிசைனர் மட்லேன் வியோனேவைச் சொல்லாமல் போக மனமில்லை. 1920களில் பாரிஸில் அவர் தன் ஒவ்வொரு உடையையும் முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து ஆல்பங்களில் ஒட்டி வைத்தார். உடையின் லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். விளம்பரத்துக்காக எடுத்த படங்கள் அல்ல அவை, இது என்னுடையது என்று நிரூபிக்க எடுத்தவை. அந்த ஆல்பங்கள் இன்று பாரிஸின் அலங்காரக் கலை மியூசியத்தில் இருக்கின்றன. நீங்களும் அதைச் செய்யுங்கள். எதையும் வெளியிட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு உடையையும் எல்லாப் பக்கமும் படமெடுத்து, ஓவியங்களோடும் பேட்டர்னோடும் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். போன முறை நடந்தது மறுபடி நடந்தால் உங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

உங்கள் பார்ட்னர் சொல்வதற்கு வருகிறேன். அவர் பயம் வீண் பயமில்லை. டாம் ஃபோர்ட் மௌனமாக இருந்தால் அதுவே செய்தி. உங்கள் லேபிள் மௌனமாக இருந்தால், மன்னிக்கவும், பெரும்பாலானவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். எனவே எல்லாவற்றையும் மூடிவைக்கும் முறையை உங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஷோ நடந்த அன்றே மூன்று நான்கு லுக்கை வெளியிடுங்கள். எதை வெளியிடுவது என்பதில்தான் சூட்சுமம். டிசைனர்கள் வழக்கமாகத் தங்களுக்கு மிகவும் பிடித்ததை, கைதட்டல் அதிகம் வாங்கியதைப் போடுவார்கள். நீங்கள் காப்பியடிக்கக் கடினமானதைப் போடுங்கள். கைவேலை நிறைந்த உடை, உள்ளமைப்பு சிக்கலான கோட், உங்களுக்கென்றே நெய்த துணி — இவற்றைப் படத்தில் பார்த்து மலிவாகச் செய்வது எளிதல்ல. அதே சமயம் உங்கள் திறமை என்ன என்பதை அவை சொல்லிவிடும். பிரிண்ட், தனித்துவமான கழுத்து, எளிய வெட்டில் ஒரே ஒரு புதுமை உள்ள உடை, இவை மூன்றும் கடைசிவரை பெட்டிக்குள் இருக்கட்டும். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருடக்கூடியவை இவைதான். நீங்கள் இழந்ததும் இவற்றைத்தானே.

மீதி மாதங்களில் என்ன பேசுவது? இப்போது கடையில் இருப்பதைப் பற்றிப் பேசுங்கள். இதை நான் எத்தனை டிசைனர்களிடம் சொன்னாலும் போதவில்லை. புதிய கலெக்‌ஷனின் படம் வந்த கணத்தில், கடையில் தொங்கும் உங்கள் நடப்பு உடை உங்கள் கையாலேயே பழசாகிவிடுகிறது. அதை வாங்க நினைத்தவர், “புதுசு வரப்போகிறதே, பொறுப்போம்” என்று நிற்கிறார். பழசு தள்ளுபடிக்குப் போகிறது. புதிய படங்களை நிறுத்திவைத்தால் நடப்புக் கலெக்‌ஷனுக்கு இன்னும் சில மாத ஆயுள் கிடைக்கும். அந்த உடைகளை வாங்கியவர்கள் எப்படி அணிகிறார்கள், துணியை எப்படிப் பராமரிப்பது, அளவு எப்படிப் பார்ப்பது, அதே சட்டையை இரண்டு விதமாக எப்படி அணிவது என்று காட்ட எவ்வளவோ இருக்கிறது. இதில் உங்கள் பார்ட்னரின் கவலையும் தீரும், கையிருப்பும் விற்கும். தையல் கூடக் காட்சிகள் போடுவதானால் பின்னணியைப் பாருங்கள். சுவரில் ஒட்டிய ஓவியமும் மேஜையில் விரித்த பிரிண்ட்டும் அப்படியே படத்தில் விழுந்துவிடும்.

யாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பையர்களிடம் சொல்வது மிக எளிது. ஏனென்றால் தாமதத்தால் அவர்களுக்கும் லாபம். தன் கடைக்கு வரும் உடை வாடிக்கையாளருக்குப் புதிதாக இருக்க வேண்டும் என்றுதான் எந்தப் பையரும் விரும்புவார். ஆர்டர் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இன்ன தேதிக்கு முன் இந்த உடைகளின் படங்களைக் கடையின் தளத்திலோ சமூக ஊடகத்திலோ வெளியிடக்கூடாது. வாய்ச்சொல்லாக விடாதீர்கள். உங்களிடம் பேசியவர் ஒருவர், தளத்தில் ஏற்றுபவர் வேறொருவர்.

பத்திரிகையாளர்களிடம் கொஞ்சம் கவனம் தேவை. அச்சில் வரும் மாத இதழ்கள் பல மாதங்கள் முன்கூட்டியே பக்கங்களைத் தீர்மானிக்கின்றன. உடை கடைக்கு வரும் மாதத்து இதழில் உங்கள் பெயர் வர வேண்டுமானால், அவர்களுக்கு இப்போதே காட்டியாக வேண்டும். அதற்குத்தான் எம்பார்கோ. அதாவது, இன்ன நாள் இன்ன நேரம்வரை வெளியிடுவதில்லை என்ற உடன்பாடு. இதில் வரிசை முக்கியம். முதலில் நிபந்தனையைச் சொல்லி, “சம்மதம்” என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். படத்தைப் பிறகு அனுப்புங்கள். படத்தோடு சேர்த்து நிபந்தனையை அனுப்பினால், சம்மதிக்காத ஒருவரை அது கட்டுப்படுத்தாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தேதியோடு நேரத்தையும், எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே தேதி வையுங்கள். ஒருவருக்கு மட்டும் ரகசியமாக முன்னதாகக் கொடுத்தால், அடுத்த முறை உங்கள் எம்பார்கோவை எவரும் மதிக்க மாட்டார்கள். நாளிதழ்களும் இணைய இதழ்களும் ஷோவைப் பற்றி மறுநாளே எழுத விரும்புவார்கள். எழுதட்டும். எழுத்துக்குத் தடை வேண்டாம். அந்த மூன்று நான்கு படங்களை அவர்களுக்குக் கொடுங்கள். படம் குறைவாக இருக்கும்போது, நல்ல எழுத்தாளர் உடையைச் சொற்களால் வர்ணிப்பார். படிப்பவரின் ஆவல் கூடும்.

விருந்தினர்களுக்கு அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நிற்பவரிடம் போனைக் கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். “உடைகள் கடைக்கு வரும்வரை படங்களை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம், இந்த மாலையில் நீங்கள் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டுகிறோம்” என்று காரணத்தோடு இரண்டு வரி எழுதினால், அநேகமாக எல்லாரும் மதிப்பார்கள். ஒருவர் இருவர் மீறுவார்கள். அப்போது பதற வேண்டாம். மங்கலான ஒரு போன் படம் வெளியே வந்துவிட்டால், அந்த ஒரு உடையின் நல்ல படத்தை நீங்களே வெளியிட்டுவிடுங்கள்; மற்றவற்றைத் திறக்காதீர்கள். ஒரு படம் கசிந்த கோபத்தில் முழு லுக்புக்கையும் அன்றிரவே போட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காத்த மாதங்களெல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

பிரபலங்களுக்கு உடை தேர்ந்தெடுக்கும் ஸ்டைலிஸ்ட்களுக்குச் சாம்பிள் கொடுக்கும்போதும் இதே யோசனை வேண்டும். ஒரு நடிகை உங்கள் உடையை அணிந்து விழாவுக்குப் போனால் அது பெரிய பேறுதான். ஆனால் அந்த நிமிடமே அந்த உடை உலகத்துக்கு வெளியாகிவிட்டது. நடப்புக் கலெக்‌ஷனிலிருந்து கொடுக்க முயலுங்கள். பார்த்தவர் மறுநாளே கடைக்குப் போய் வாங்க முடியும். புதியதுதான் வேண்டும் என்றால், நீங்கள் ஏற்கெனவே வெளியிட்ட அந்த மூன்று நான்கில் ஒன்றாக இருக்கட்டும்.

மாடல்கள், புகைப்படக்காரர், ஒப்பனைக் கலைஞர், முடி அலங்காரம் செய்பவர், உங்கள் தையல் கூடத்தில் இருப்பவர்கள் ஆகியோரைப் பற்றி நீங்கள் கேட்ட விதத்தில், அவர்கள் ஏதோ தடைகள் போலத் தெரிகிறது. அப்படிப் பார்க்காதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். ஒரு புது மாடலுக்கு உங்கள் ஷோ படம்தான் அடுத்த வேலைக்கான சான்று. ஒப்பனைக் கலைஞருக்கும் அப்படியே. ஐந்து மாதம் அதை மறைத்து வைக்கச் சொல்வது அவர்களின் பிழைப்பில் கைவைப்பது. முகமும் ஒப்பனையும் தெரிந்து உடை தெரியாத படங்கள் சிலவற்றை ஷோ நாளிலேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், உடனே போட்டுக்கொள்ளட்டும். முழுப் படங்கள் எந்த நாளில் கிடைக்கும் என்பதை எழுத்தில் கொடுங்கள். அந்த நாளில் கேட்காமலே அனுப்புங்கள். எம்பிராய்டரி செய்தவர்களின் பெயரை, அவர்கள் விரும்பினால், வெளியீட்டு நாளில் படத்தோடு போடுங்கள். தங்களுக்கும் அந்த நாளில் பங்கு உண்டு என்று தெரிந்தவர்கள் ரகசியத்தை உங்களைவிடக் கவனமாகக் காப்பார்கள்.

புகைப்படக்காரர் விஷயத்தில் சட்டமும் இருக்கிறது. பல நாடுகளில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்தின் உரிமை எடுத்தவருக்கே. உடை உங்களுடையது என்பதால் படமும் உங்களுடையது ஆகிவிடாது. எந்தத் தேதிக்கு முன் வெளியிடக்கூடாது, எந்தத் தேதிக்குப் பின் அவர் தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பிறர் ஏற்பாடு செய்யும் ஃபேஷன் வாரத்தில் காட்டுவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அமைப்பாளர்களுக்குச் சொந்தப் புகைப்படக்காரர்கள் இருப்பார்கள். அன்றே வெளியிடும் உரிமை அவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் இந்தத் திட்டத்துக்கே இடமில்லை. நல்லவேளை, உங்களுடையது சொந்த ஷோ.

கடைசியாகத் தேதி. ஷோ நாளிலிருந்து ஐந்து மாதம் என்று கணக்குப் போடாதீர்கள். உடைகள் கையில் வந்த நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள். துணி தாமதமாகும், சாயம் மாறும், சரக்கு எங்காவது நிற்கும். எம்பார்கோ தேதி காலண்டரில் உறுதியாகி, உடை வராமல் போனால், போன முறை நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். இத்தனை பேரைக் காக்கவைத்த பிறகு நடக்கும் என்பதால் இன்னும் வலிக்கும். அதனால் பத்திரிகையாளர்களுக்குத் தேதி கொடுக்கும்போது, எதிர்பார்க்கும் வரவிலிருந்து இரண்டு மூன்று வாரம் தள்ளிக் கொடுங்கள். உடை கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகு, எல்லாப் படங்களும் ஒரே வாரத்தில் வரட்டும். ஒவ்வொரு படத்தோடும் விலை, அளவுகள், எங்கே கிடைக்கும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் படம் போட்டால், பார்த்தவர் ரசித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

தாமதம் பொருந்தாத ஒரு நிலையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவலாம். வாடிக்கையாளரிடமே நேரடியாக முன்பதிவு வாங்கி, பாதிப் பணம் பெற்றுத் தைத்துக் கொடுக்கும் முறைக்கு நீங்கள் மாறினால், படத்தை ஷோ அன்றே வெளியிட்டாக வேண்டும். மோடா ஓப்பரான்டி போன்ற தளங்கள் வளர்ந்தது அந்த வழியில்தான்: ரேம்பில் பார்த்ததை உடனே முன்பதிவு செய்யலாம், உடை பல மாதம் கழித்து வரும். அங்கே ஆசையும் பணமும் முதல் நாளே சந்தித்துவிடுகின்றன. மறைத்து வைக்க எந்தக் காரணமும் இல்லை. இப்போது உங்கள் வியாபாரம் கடைகளின் ஆர்டரை நம்பி நடப்பதால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

ஷோவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்த வாரம் வழக்கறிஞரைப் பாருங்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த இரண்டு வரியைச் சேருங்கள். புகைப்படக்காரருக்கும் மாடல்களின் ஏஜென்சிக்கும் தேதியோடு எழுதுங்கள். ஷோ அன்று வெளியிடப்போகும் மூன்று நான்கு உடைகள் எவை என்பதை நீங்களும் பார்ட்னரும் சேர்ந்து உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். அவருக்கு மிகவும் பிடித்த பிரிண்ட்டை அதில் சேர்க்கச் சொல்லி நிச்சயம் கேட்பார். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.